கைத்துப்பாக்கிக்கு ஒரு 'நெற்றிக்கண்': பெங்களூருவின் முன் உள்ள சவால்

புதுதில்லி: துப்பாக்கி வாங்குவதில் காட்டப்படும் வேகம், அதன் குறிநோக்கியை வாங்குவதில் காட்டப்படுவதில்லை. ராணுவத்துக்கு 72,400 'சிக் 716' ரக துப்பாக்கிகள் வாங்க 2019 பிப்ரவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இருளிலும் அவற்றின் முழு வீச்சைப் பயன்படுத்த உதவும் இரவுநேரக் குறிநோக்கிகளுக்கு ரூ.659.47 கோடியில் ஒப்பந்தம் கையெழுத்தானதோ 2025 அக்டோபரில். இடைவெளி ஆறரை ஆண்டுகளுக்கும் மேல்.

எல்லையில் நிற்கும் ஜவானின் துப்பாக்கிக்கே இந்த நிலை என்றால், காவலரின் இடுப்பில் உள்ள கைத்துப்பாக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டுக் காவல் படைகள் பலவற்றில் பரவிவரும் 'ரெட் டாட் சைட்' எனப்படும் சிவப்புப் புள்ளி குறிநோக்கி, அதிலும் நான்கு புறமும் மூடப்பட்ட சிறிய வகை, இப்போது கவனம் பெறுவது இதனால்தான். மின்னணுவியலுக்கும் ஒளியியலுக்கும் பெயர்பெற்ற பெங்களூருவுக்கு இது ஒரு சவால், வாய்ப்பும்கூட.

மூன்றுக்குப் பதில் ஒன்று

சாதாரணக் கைத்துப்பாக்கியில் குறிபார்ப்பவர் பின்புறப் பள்ளம், முன்புற முனை, இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே நேர்கோட்டில் கொண்டுவர வேண்டும். ஆனால், மனிதக் கண் ஒரு நேரத்தில் ஒரு தொலைவை மட்டுமே தெளிவாகக் காணும். முன்முனையைப் பார்த்தால் எதிரில் நிற்பவர் மங்கலாவார்; அவரைப் பார்த்தால் முன்முனை மங்கும். வெள்ளெழுத்துத் தொடங்கும் நாற்பது வயதுக்கு மேல் இச்சிரமம் இன்னும் கூடும். எதிரில் நிற்பவர் கையில் இருப்பது ஆயுதமா, செல்போனா என்று கணப்பொழுதில் முடிவெடுக்க வேண்டிய காவலருக்கு இது உயிர்ப் பிரச்னை, எதிரில் நிற்பவருக்கும்தான்.

சிவப்புப் புள்ளி குறிநோக்கி இச்சிக்கலைத் தீர்க்கிறது. சிறிய எல்.இ.டி. விளக்கின் ஒளி, தனிப்பூச்சு கொண்ட கண்ணாடியில் பட்டுப் பார்ப்பவரின் கண்ணுக்குத் திரும்புகிறது. அந்தப் புள்ளி தொலைவில் மிதப்பதுபோல் தோன்றுவதால் பார்வையை இலக்கின் மீதே வைத்திருக்கலாம். லேசர்போல் இலக்கின் மீது ஒளி எதுவும் விழுவதில்லை. புள்ளி சுடுபவருக்கு மட்டுமே தெரியும்.

இத்தத்துவம் புதிதல்ல. அயர்லாந்தைச் சேர்ந்த ஹோவர்ட் கிரப் 1900-லேயே இதை வகுத்தார். எல்.இ.டி.யைக் கொண்டு அதனை நடைமுறைக் கருவியாக்கியது ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம்; ஆண்டு 1975.

மழையும் தூசும்

கைத்துப்பாக்கிகளுக்காக முதலில் பரவியது திறந்த வகை. அதில் விளக்குக்கும் கண்ணாடிக்கும் இடையே தடுப்பு இல்லை. ஒரு மழைத்துளியோ, சிறிது சேறோ, சட்டையின் பஞ்சிழையோ விளக்கின் மேல் படிந்தால் புள்ளி சிதறும் அல்லது மறைந்துவிடும். தென்மேற்குப் பருவமழையும் ராஜஸ்தானின் புழுதியும் உள்ள நாட்டில் இது சிறிய குறையல்ல.

மூடிய வகையில் பின்புறமும் ஒரு கண்ணாடி பொருத்தி, விளக்கைக் காற்றுப்புகாத பெட்டிக்குள் அடைத்துவிடுகின்றனர். வெளிக்கண்ணாடியில் படியும் அழுக்கை விரலால் துடைத்தால் போதும். எய்ம்பாயிண்ட் 2019-ல் இத்தகைய 'அக்ரோ' கருவியை அறிமுகப்படுத்தியது. அதன் அடுத்த வடிவத்தின் எடை சுமார் 60 கிராம். ஒரே ஒரு வட்ட பேட்டரியில் 50,000 மணி நேரம் இயங்கும் என்கிறது அந்நிறுவனம். அமெரிக்கச் சந்தையில் விலை சுமார் 600 டாலர். ஏறத்தாழ ஒரு கைத்துப்பாக்கியின் விலை!

பெங்களூருவின் பலம்

பெங்களூருவில் 1954-ல் தொடங்கப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், மசூலிப்பட்டினத்தில் உள்ள தனது பிரிவில் ஒளியியல் கருவிகளைத் தயாரிக்கிறது. பீன்யாவில் உள்ள இஸ்ரோவின் மின்-ஒளியியல் ஆய்வகம், செயற்கைக்கோள்களுக்கு விண்மீன் உணரிகளை உருவாக்குகிறது. டான்போ இமேஜிங் நிறுவனம் வெப்ப உணர்வுக் குறிநோக்கிகளைத் தயாரிக்கிறது. ஸ்பிரிங் உற்பத்தியில் பெயர்பெற்ற குழுமத்திலிருந்து பிறந்த எஸ்.எஸ்.எஸ். டிஃபென்ஸ், தொலைதூரம் சுடும் ஸ்னைப்பர் துப்பாக்கிகளையே வடிவமைத்துள்ளது. பாதுகாப்பு உற்பத்தி 2001-ல் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டதன் பலன் இது.

அலுமினியப் பெட்டியைக் கடைவது இந்நகரின் பட்டறைகளுக்குக் கடினமன்று. உள்ளே இருப்பவையே சோதனை. நுண்ணிய எல்.இ.டி. சில்லு, சிவப்பு ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும் கண்ணாடிப்பூச்சு, பல்லாயிரம் முறை சுட்டாலும் நிலைபிறழாத இணைப்பு ஆகியவை தேவை. ஒவ்வொரு முறை சுடும்போதும் கைத்துப்பாக்கியின் மேற்பாகமான 'ஸ்லைடு' பத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் பின்னோக்கிப் பாய்ந்து திரும்புகிறது. அதன் முதுகிலேயே அமர்ந்திருக்கும் குறிநோக்கி அந்த அதிர்ச்சி முழுவதையும் தாங்க வேண்டும். உலகச் சந்தையில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல சீனாவில் தயாரானவை. 2020 கல்வான் மோதலுக்குப் பிறகு நமது படைகள் அவற்றை நம்பியிருக்க இயலாது.

முட்டுக்கட்டை எங்கே?

கருவி மட்டும் கிடைத்தால் போதாது. பொருத்த இடம் வேண்டும். நமது படைகள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் இஷாப்பூர் தொழிற்சாலையின் 9 மி.மீ. '1ஏ' கைத்துப்பாக்கி, 1935-ல் வெளியான பிரௌனிங் வடிவமைப்பின் வழிவந்தது. குறிநோக்கி பொருத்துவதற்கான வெட்டு அதன் ஸ்லைடில் இல்லை. ஆஸ்திரியாவின் குளோக் நிறுவனமோ 2015 முதலே அத்தகைய வெட்டுடன் கூடிய வகையையும் விற்கிறது.

பயிற்சி இன்னொரு தடை. பழைய முறையில் பழகியவர் துப்பாக்கியை உயர்த்தியதும் முதலில் புள்ளியைத் தேடித் தடுமாறுவார். பேட்டரியைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். அது கைவிட்டால் உதவ இரும்பு முனைகளும் இருக்க வேண்டும். விளையாட்டுத் துறையும் இதற்குக் கைகொடுக்காது. ஒலிம்பிக் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் மின்னணுக் குறிநோக்கிகளுக்கு அனுமதியில்லை; 2024 பாரீஸில் மனு பாக்கர் இரு வெண்கலம் வென்றதும் திறந்த இரும்பு முனைகளைக் கொண்டுதான்.

எனவே, கைத்துப்பாக்கி, குறிநோக்கி, உறை, பயிற்சித் தோட்டா ஆகிய நான்கையும் ஒரே தேவையாகக் கருதி ஒரே ஒப்பந்தத்தில் கோருவதே முறை. அப்படிக் கேட்டால்தான் பெங்களூரு நிறுவனங்கள் துணிந்து முதலீடு செய்ய முடியும். துப்பாக்கி இன்று, குறிநோக்கி ஆறாண்டு கழித்து என்ற வழக்கம் தொடர்ந்தால், அந்த இடைவெளியின் விலையைக் கொடுக்கப்போவது தில்லியில் கோப்புகளைப் பார்ப்பவர்கள் அல்ல; இருட்டுச் சந்தில் தனியாக நிற்கும் காவலர்தான்.