பிராசசர் பொருந்தினால் மட்டும் போதுமா?

அக்காள் மகனுக்குப் பாலிடெக்னிக்கில் இயந்திரப் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. அந்த வாரமே கணினி வாங்கித் தரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. “நீதானே தம்பி கணினி வேலை பார்க்கிற, கூடப் போய் நல்லதா வாங்கிக் கொடு” என்று 3,500 ரிங்கிட்டை ஓர் உறையில் வைத்துக் கொடுத்தார் அக்கா. தொழிற்சாலையில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம்.

எல்ஆர்டியில் ஏறியதுமே மருமகன் ஆரம்பித்துவிட்டான். “மாமா, மதர்போர்டு இஸட்790தான் வேணும். அதுதான் டாப்.”

நான் சிரிக்கவில்லை. அவன் வயதில் எனக்கும் மதர்போர்டு பற்றித் தெரியாது. அதற்கு நான் கட்டிய விலை கொஞ்சமில்லை.

2018 தொடக்கத்தில், என் சேமிப்பில் முதல் கணினியை நானே பூட்டினேன். அப்போது புதிதாக வந்திருந்த இன்டெல் கோர் ஐ5-8400 பிராசசரை வாங்கினேன். அதற்கென வந்திருந்த இஸட்370 மதர்போர்டு விலை அதிகம். அதனால் பழைய பி250 போர்டு ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினேன். இரண்டிலும் சாக்கெட் பெயர் 1151தான். பிராசசர் அழகாக உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டேன், மின்விசிறி சுற்றியது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

காரணம் பிறகுதான் தெரிந்தது. எட்டாம் தலைமுறை பிராசசருக்கு 300 வரிசை சிப்செட் வேண்டும். சாக்கெட் ஒன்றாக இருந்தாலும் 200 வரிசை போர்டு அதை ஏற்காது. பழைய பொருள் என்பதால் போர்டைத் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. ஏப்ரலில் விலை குறைந்த 300 வரிசை போர்டுகள் வரும்வரை என் பிராசசர் அட்டைப் பெட்டியிலேயே தூங்கியது.

சிப்செட் என்றால் என்ன? கேஎல் சென்ட்ரலை நினைத்துக்கொள்ளுங்கள். பல தடங்கள் வந்து சேரும் இடம். இன்றைய கணினியில் மெமரியும் கிராபிக்ஸ் கார்டும் பிராசசரோடு நேரடியாகப் பேசுகின்றன. யூஎஸ்பி, நெட்வொர்க், கூடுதல் எஸ்எஸ்டி போன்ற பெரும்பாலானவை சிப்செட் வழியாகத்தான் போகின்றன. எத்தனை தடங்கள், எதை வேகப்படுத்தலாம் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. சிப்செட்டைப் பிறகு தனியாக மாற்ற முடியாது. போர்டையே மாற்ற வேண்டும்.

லோ யாட் பிளாசாவில் நாங்கள் தேர்ந்தெடுத்தது கோர் ஐ5-14400. அதற்கு மூன்று வகை போர்டுகள் எதிரில் இருந்தன.

இஸட்790-இன் பெரிய கவர்ச்சி, பிராசசரின் வேகத்தை நாமே கூட்டும் ஓவர்கிளாக்கிங். ஆனால் அது பெயரில் ‘கே’ என்ற எழுத்து உள்ள பிராசசர்களுக்குத்தான். 14400-இல் அந்த எழுத்தே இல்லை. எச்610 மலிவு, ஆனால் மெமரி இடம் இரண்டுதான், மெமரியின் வேகத்தைக் கூட்டவும் வழியில்லை. நடுவில் பி760: பிராசசரை வேகப்படுத்தாது, மெமரியை வேகப்படுத்தலாம். நாங்கள் பார்த்த போர்டில் மெமரிக்கு நான்கு இடங்கள், எம்.2 எஸ்எஸ்டிக்கு இரண்டு இடங்கள்.

“அப்போ இஸட்790-க்குக் கூடக் கொடுக்கிற 400 ரிங்கிட்?” என்றான் மருமகன்.

“உன் பிராசசருக்கு அதனால பெருசா ஒன்னும் கிடைக்காதுடா. அந்தக் காசுல மெமரியை 32 ஜிபி ஆக்கலாம். முப்பரிமாண வரைபடம் போடும்போது அதுதான் உதவும்.”

ஏஎம்டி பக்கம் போகிறவர்களுக்கும் கணக்கு இதே போலத்தான். ஏஎம்5 சாக்கெட்டில் ஏ620 போர்டு பிராசசர் ஓவர்கிளாக்கிங்கை அனுமதிக்காது, பி650 அனுமதிக்கும். ஏஎம்5-க்கு டிடிஆர்5 மெமரி மட்டுமே. 2027 வரையாவது இந்த சாக்கெட்டைத் தொடர்வதாக ஏஎம்டி அறிவித்திருப்பதால், பின்னாளில் பிராசசரை மட்டும் மாற்ற நினைப்பவர்கள் இதையும் யோசிக்கலாம்.

பணம் கொடுக்கும் முன் கடையிலேயே மூன்றைப் பார்த்தோம். போர்டு தயாரிப்பாளரின் இணையத்தளப் பட்டியலில் நம் பிராசசரின் பெயர் இருக்கிறதா? எந்த பயாஸ் பதிப்பிலிருந்து? 600 வரிசை போர்டுகள் 14ஆம் தலைமுறையை ஏற்கும், ஆனால் பயாஸைப் புதுப்பித்த பிறகுதான். மூன்றாவது, போர்டு டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆ? ஒன்றின் மெமரி மற்றதில் நுழையாது.

அன்றிரவு அக்கா வீட்டு வரவேற்பறையில் இருவரும் உட்கார்ந்து பூட்டினோம். சுவிட்சைப் போட்டது அவன்தான். திரையில் எழுத்து தோன்றும்வரை எனக்குத்தான் மூச்சு வரவில்லை.

உறையில் மிச்சமிருந்த 180 ரிங்கிட்டை அக்காவிடம் நீட்டினேன். அதை வாங்கி மகன் கையில் கொடுத்தார்.

“பஸ் செலவுக்கு வெச்சுக்கோ.”