சிறுநீரக ஸ்கேனுக்கு ‘டை’ ஊசியா? சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படிங்க!

விலாவில் ஆரம்பித்து அடிவயிறு வரை சுண்டி இழுக்கும் வலி. தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் என எங்கே டாக்டரைப் பார்த்தாலும், அடுத்து ஸ்கேன் சென்டருக்கு ஒரு சீட்டு கிடைக்கும். அதில் ‘ஐ.வி.பி.’ அல்லது ‘கான்ட்ராஸ்ட்’ என்று இருந்தால், ‘டை’ ஊசி உண்டு என்று அர்த்தம்.

டை என்ன செய்கிறது?

சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், சிறுநீர்க்குழாய் தெரியாது. அயோடின் கலந்த மருந்தை ரத்தக்குழாயில் செலுத்தினால், சிறுநீரகம் அதை வடிகட்டி சிறுநீரோடு அனுப்பும். அது போகும் பாதை படத்தில் வெள்ளையாகத் தெரியும். அடைப்பு எங்கே, எந்தச் சிறுநீரகம் மந்தம் என்பது புரிந்துவிடும். 1929-ல் ஜெர்மனியில் பணியாற்றிய மோசஸ் ஸ்விக் என்ற இளம் அமெரிக்க டாக்டர் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

கல்லுக்கும் டை வேணுமா?

பெரும்பாலும் வேண்டாம். டை இல்லாத சி.டி. ஸ்கேனிலேயே கற்கள் தெரியும். சாதா எக்ஸ்ரேயில் சிக்காத யூரிக் அமிலக் கல்லும் அதில் சிக்கும். சிறுநீரில் ரத்தம், கட்டி, பிறவிக் குறைபாடு போன்ற சந்தேகங்களுக்கு டை தேவைப்படலாம். அதனால், “டை இல்லாமல் பார்க்க முடியுமா டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள்.

மறைக்கக் கூடாத 4 விஷயங்கள்

1. கிரியாட்டினின்: சமீபத்திய ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் டை மேலும் சிரமம் தரலாம்.

2. மெட்ஃபார்மின்: இந்தச் சர்க்கரை மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்காது. ஆனால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் உடலில் தேங்கும். சிலரை 48 மணி நேரம் நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

3. அலர்ஜி: முன்பு டை போட்டு அரிப்பு, மூச்சுத்திணறல் வந்ததா? கட்டாயம் சொல்லுங்கள். இறால் ஒத்துக்காது என்பதால் மட்டும் டை ஆகாது என்பது வெறும் நம்பிக்கை.

4. கர்ப்பம்: சந்தேகம் இருந்தாலே சொல்லிவிடுங்கள்.

ஊசி போட்டதும்?

உடம்பு சூடாகும், வாயில் உலோகச் சுவை வரும். பயப்பட வேண்டாம், சீக்கிரம் போய்விடும். தடிப்பு, மூச்சுத்திணறல் வந்தால் உடனே ஊழியரிடம் சொல்லுங்கள். ‘டை’ என்றாலும் சிறுநீர் நிறம் மாறாது.

முடிந்ததும் ஜி.எஸ்.டி. சாலை வெயிலில் வறண்ட தொண்டையோடு பைக்கை எடுக்காதீர்கள். டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருக்காவிட்டால், அன்று முழுவதும் நிறையக் குடியுங்கள்.