கண்ணுக்குத் தெரியாத காயம்

பெருங்குழாயொன்றை நெடுக்காகப் பிளந்து கிடத்தினாற்போன்ற உறைபனிப் பள்ளத்தில், பலகையொன்றிற் பாதங்களைப் பிணைத்துச் சறுக்கி, கரைக்கு மேலெழுந்து, அந்தரத்திற் சுழன்று மீள்வதொரு விளையாட்டு. உறைபனியையே காணாத நமக்கு அதனைக் கற்பனை செய்தலும் அரிதே. அமெரிக்கரான கெவின் பியர்ஸ் அதில் முன்னணி வீரர். 2010 ஆம் ஆண்டு வான்கூவர் ஒலிம்பிக் விழாவை நோக்கிப் பயின்றுகொண்டிருந்த அவர், 2009 டிசெம்பர் 31 அன்று, யூட்டா மாநிலத்துப் பார்க் சிற்றியில், தலை பனியில் மோத வீழ்ந்தார். அப்பொழுது வயது 22.

தலைக்கவசம் அணிந்தே இருந்தார். கவசம் மண்டையோட்டைக் காக்கும். ஆயின், ஓடும் வண்டி சடுதியாக நின்றால் உள்ளிருப்போர் முன்னே சாய்வதுபோல, தலை நின்ற பின்னும் மூளை நகர்ந்து எலும்பில் மோதும். நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டுச் சிதையும். இதனை எக்கவசமும் முற்றாகத் தடுப்பதில்லை.

நினைவிழந்து கிடந்தவர் நடக்கவும் புதிதாகப் பழகினார். பார்வையும் ஞாபகசக்தியும் குன்றியிருந்தன. எனினும், உடல் தேறியதும் போட்டிக்கு மீளவே துடித்தார். முறிந்த காலை அதற்குரியவன் அறிவான். மூளைக் காயத்திலோ, குறையை எடைபோட வேண்டிய உறுப்பே குறைபட்டு நிற்கிறது. தலையில் இன்னுமோர் அடி உயிரையே பறிக்கலாமென வைத்தியர்கள் எச்சரித்தனர். டவுண் நோய்க்குறியுடன் பிறந்த தமையன் டேவிட், வேண்டாமென்று மன்றாடினார். 2013 இல் வெளிவந்த ‘த கிராஷ் ரீல்’ என்னும் ஆவணப்படத்தில் அக்காட்சி உண்டு. வைத்தியரின் சொல்லினும் அதுவே வலியது என்பேன்.

2011 டிசெம்பரில் பியர்ஸ் மீண்டும் பனியில் இறங்கினார். ஆயினும் போட்டிக்குத் திரும்பவில்லை. பின்னர், மற்றொரு தமையனான அடமுடன் அமைப்பொன்றை நிறுவினார். மூளைக் காயமுற்றோருக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் அது யோகாசனமும் தியானமும் பயிற்றுகிறது.