கழுவக் கழுவப் பொலிந்த சிவப்பு

18-ஆம் நூற்றாண்டில் பாரிஸ், லண்டன் சீமாட்டிகள் ஆசைப்பட்டு உடுத்திய பூப்போட்ட பருத்தித் துணிகளில் மிகச் சிறந்தவை சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சீட்டித்துணிகள். பட்டுக்கும் கம்பளிக்கும் சாயமேற்றுவதில் ஐரோப்பியர் கைதேர்ந்தவர்கள். பருத்தியில் துவைத்தாலும் போகாத சிவப்புப் பூவை மலரவைக்கத்தான் அவர்களுக்கு நெடுங்காலம் கைவரவில்லை.

அந்தச் சிவப்பை யாரும் துணியில் தீட்டவில்லை என்பதுதான் இதன் சூட்சுமம். முதலில் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயப்போடுவார்கள். பாலின் கொழுப்பு, பிறகு வரையும் கோடு கசியாமல் காக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் எழுதுகோலால் படிகார நீரை இடுவார்கள். அதற்கு நிறமே கிடையாது. கண்ணுக்குத் தெரியட்டும் என்று பதிமுகச் சாறு கொஞ்சம் சேர்ப்பார்கள். பின்பு துணி முழுவதையும் சாயவேரோடு கொதிக்கவிடுவார்கள். படிகாரத்திலுள்ள அலுமினியம் ஒரு பக்கம் நூலையும் மறுபக்கம் சாயத்தையும் பிடித்துக்கொள்ளும். படிகாரம் படாத இடத்தில் ஏறிய சாயம், சாணநீரில் நனைத்து வெயிலில் உலர்த்த உலர்த்த வெளுத்துவிடும். பூ மட்டும் சிவந்து நிற்கும். எத்தனை நுட்பமான வேதியியல்!

நீலத்துக்கு வழி வேறு. அவுரிக்குப் படிகாரம் வேண்டாம். நீலம் ஏறக்கூடாத இடமெல்லாம் மெழுகு பூசித் தொட்டியில் முக்குவார்கள். பச்சை இலை வேண்டுமென்றால் நீலத்தின்மேல் மஞ்சள் தீட்டவேண்டும். அந்த மஞ்சள் நிலைக்காது. அருங்காட்சியகங்களில் உள்ள பழைய சீட்டிகள் பலவற்றில் இலைகள் நீலமாக இருப்பது அதனால்தான்.

இந்தத் துணி ஐரோப்பிய நெசவாளர் பிழைப்பில் கைவைத்தது. பிரான்ஸ் 1686-இல் தடை போட்டது; இங்கிலாந்து 1700-இலும் 1721-இலும் சட்டம் கொண்டுவந்தது. 1719-இல் லண்டன் தெருக்களில் பருத்தி உடுத்திவந்த பெண்களின் ஆடைகளை நெசவாளர்கள் கிழித்தார்கள், மை ஊற்றினார்கள். வறுமையின் கோபம் அது; ஆனால் வதைபட்டவர்கள் வழியில் போன பெண்கள். தடைக்குப் பிறகும் மோகம் குறையவில்லை. பிரெஞ்சு அரசரின் நாயகி பொம்பதூர் சீமாட்டியே தடைசெய்த சீட்டியை விரும்பிப் பயன்படுத்தினார்.

இதற்கிடையே செய்முறை கடல் தாண்டிவிட்டது. சோழமண்டலக் கரையில் வாழ்ந்த கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், ஞானஸ்நானம் பெற்ற சாயக்காரர்களிடம் கேட்டறிந்ததை 1742-இல் கடிதமாக எழுதி அனுப்பினார். 1759-இல் பிரான்ஸ் தடையை நீக்கியது. மறு ஆண்டே ஓபர்காம்ஃப் என்பவர் ஜூயி என்ற ஊரில் அச்சடிக்கத் தொடங்கினார். கூழாக்கிய அலுமினியக் கலவையை மர அச்சில் தொட்டுத் துணியில் ஒற்றி, மஞ்சிட்டி இன வேரோடு கொதிக்கவைத்தார்கள். எழுதுகோல் இருந்த இடத்துக்கு அச்சு வந்தது. சாயத்தை நூலோடு பிணைத்தது அதே அலுமினியம்தான்.