ஆங்கிலத்திற் செலவுணர்த்தும் முறை

சென்ற ஆண்டில் எம் வகுப்பு நண்பரொருவர் ஆங்கிலக் கட்டுரைத் தாளில், ஒருவன் ஆற்றை நீந்திக் கடந்தான் என்னும் பொருள்பட, 'ஹீ கிராஸ்டு தி ரிவர் பை ஸ்விம்மிங்' என்றெழுதினார். தாள் திரும்பி வந்தபோது அத்தொடர் சிவப்பு மையால் அடிக்கப்பெற்று, அதன் மேலே 'ஹீ ஸ்வாம் அக்ராஸ் தி ரிவர்' என்று எழுதப்பட்டிருந்தது. காரணம் ஒன்றும் குறிக்கப்படவில்லை. நண்பர் எழுதியதில் இலக்கண வழு யாதுமில்லை. 'இம்மொழி மனப்பாடத்திற்குரியதேயன்றி அறிவிற்குரியதன்று. இனி இதில் ஒன்றும் எழுதேன்' என்று மனமுடைந்து கூறிய அவர், பல திங்கள் அவ்வாறே ஒதுங்கியும் இருந்தார். அடித்த கைக்குக் காரணம் இல்லாமலில்லை. அது சொல்லப்படாமையே குறை. அதனை எனக்கு விளங்கிய அளவில் ஈண்டு எடுத்துரைக்கப் புகுகின்றேன்.

ஒரு பொருள் இடம்பெயருங்கால் அதன்கண் நாம் காண்பன பல. அவற்றுள் தலையாயன இரண்டு: அது எவ்வழிச் செல்கின்றது என்பது ஒன்று, எவ்வாறு செல்கின்றது என்பது மற்றொன்று. முன்னதை நெறி என்றும் பின்னதைப் பாங்கு என்றும் வழங்குவோம். 'நீந்திக் கடந்தான்' என்ற வழி, கடத்தலாகிய நெறி முற்றுவினையிலும், நீந்தலாகிய பாங்கு எச்சவினையிலும் நிற்கின்றன. ஆங்கிலமோ இவ்விரண்டையும் இடமாற்றி அமைக்கின்றது. 'ஸ்வாம்' என்னும் முற்று பாங்கை உணர்த்த, நெறி முழுவதும் 'அக்ராஸ்' என்னும் சிறு சொல்லின்மேல் ஏறிவிடுகின்றது. நண்பர் ஆங்கிலச் சொற்களைத் தமிழ் முறையில் அடுக்கினார், நிகழ்ந்தது இவ்வளவே.

இம்முறையால் ஆங்கிலத்திற்கு ஓர் ஊதியம் உண்டு. ஒரே வினையை வைத்துக்கொண்டு நெறிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போகலாம். 'தி கேட் ரேன் டவுன் தி ட்ரீ, அக்ராஸ் தி யார்டு, அண்டு அண்டர் தி காட்' என்பதில் வினை ஒன்றே; நெறிகள் மூன்று. நாம் அதனைச் சொல்லப் புகின், 'பூனை மரத்தினின்று இறங்கி, முற்றத்தைக் கடந்து, கட்டிலின்கீழ் ஓடிப் புகுந்தது' என்று நான்கு வினைகள் வேண்டியுள்ளன.

நெறியின் சுமை நீங்கியமையால் ஆங்கில வினைகள் பாங்கினை நுணுகி நுணுகிப் பாகுபடுத்தற்கு இடம் பெற்றன. 'ஸ்ட்ரோல்' என்றால் உலாவுதல்; 'லிம்ப்' என்றால் நொண்டி நடத்தல்; 'ஸ்டேகர்' என்றால் தள்ளாடி நடத்தல்; 'டிப்டோ' என்றால் நுனிக்காலால் நடத்தல்; 'ட்ரட்ஜ்' என்றால் களைத்த காலை இழுத்திழுத்து நடத்தல். இவற்றுள் எதனோடும் உள்ளே, வெளியே, மேலே, கீழே என்னும் எச்சொல்லையும் சேர்க்கலாம். செலவுப்பொருள் இல்லாத வினைகளும் இவ்வாறு சேருமிடத்துச் செலவுப்பொருள் பெறுகின்றன. 'ராட்டில்' என்பது கடகடவென ஒலித்தலை உணர்த்துவது. 'டவுன் தி ஸ்ட்ரீட்' என்பது அதனோடு சேர்ந்தால், வண்டி கடகடவென்று ஒலித்துக்கொண்டே தெருவழிச் சென்றது என்றாகும். முழங்கையைக் குறிக்கும் 'எல்போ' என்னும் பெயரும் வினையாகி, 'த்ரூ தி கிரவுடு' என்பதனோடு சேர்ந்து, கூட்டத்தை முழங்கையால் இடித்து விலக்கிக்கொண்டு செல்லுதலை உணர்த்தும்.

இனி முன்னிடைச்சொற்களைப் பார்ப்போம். நம் மாணவர் பெரிதும் இடறுவது இங்கேதான். நாம் 'வயல் வழியாக நடந்தான்' என்று சொல்லுமிடத்து ஆங்கிலர் இருவகையாகக் கூறுவர். அறுவடையான வெறுநிலமாயின் 'அக்ராஸ்' என்பர். கதிர் மார்பளவு நிற்குமாயின் 'த்ரூ' என்பர். முன்னது ஒரு பரப்பின் இப்புறத்தினின்று அப்புறஞ் செல்லுதல். பின்னது சூழ்ந்து நிற்கும் ஒன்றனூடே செல்லுதல். வயல் ஒன்றேயாயினும், அதனைப் பரப்பாகக் கொள்வதா, அடர்ந்த வெளியாகக் கொள்வதா என்பதைச் சொல்லே காட்டிவிடுகின்றது. வரப்பின் நீளம் பற்றிச் செல்வானாயின் 'அலாங்' என்றல் வேண்டும். தோட்டத்தினுள்ளேயே ஓடித் திரிந்தால் 'இன்'. புறத்திருந்து ஓடித் தோட்டத்திற் புகுந்தால் 'இன்ட்டு'. பந்தினை என்னிடம் 'டு' எறிந்தால் யான் பிடித்துக்கொள்ளும்பொருட்டு எறிந்தான்; 'அட்' எறிந்தால் என்மேற் படும்படி குறிவைத்தெறிந்தான்! ஓரெழுத்து ஈரெழுத்துச் சொல்லால் நட்பும் பகையும் மாறிவிடுகின்றன.

இச்சிறு சொற்களின் பிறப்பும் வியப்புடையது. கீழே என்று பொருள்படும் 'டவுன்' பழைய ஆங்கிலத்தில் 'குன்றினின்று' என்னும் பொருள்தரும் தொடரின் தேய்வு. குன்றினின்று வருவது கீழ்நோக்கியதே யாதலின் குன்று மறைந்து கீழ்மை மட்டும் நின்றது. நம் ஏழாம் வேற்றுமைக்கு நன்னூலார் கூறும் 28 உருபுகளுள் தலை, வாய், இடை, புறம் முதலியன பெயர்ச்சொற்களாகவும் வழங்குதல் ஈண்டு ஒப்புநோக்கற்பாலது.

ஆங்கிலத்தில் நெறியை வினையே உணர்த்துமிடங்கள் இல்லையோவெனின், உள. 'என்டர்', 'டிசென்ட்', 'அசென்ட்', 'எக்ஸிட்' முதலியன அத்தகையன. இவை பிரெஞ்சினின்றும் இலத்தீனினின்றும் வந்து குடியேறியவை. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் அம்மொழியிற் பெருகின. பழங்குடிச் சொற்களாகிய 'கோ இன்', 'கோ டவுன்' என்பவற்றின் அருகே அவை சற்றே விறைப்புடையனவாய் நிற்கின்றன. 'என்டர்டு இன்ட்டு தி ரூம்' என்று நாம் எழுதுவது பிழையாதற்குக் காரணமும் இதுவே. உட்புகுதல் வினைக்குள்ளேயே இருத்தலின் 'இன்ட்டு' மிகையாகின்றது. உடன்படிக்கையிற் புகுங்கால் மட்டும் அது வேண்டப்படும்.

இவ்வேறுபாட்டை உலக மொழிகள் பலவற்றில் ஆராய்ந்து வகைப்படுத்தியவர் லெனார்டு டால்மி என்னும் அமெரிக்க அறிஞர். அவர்தம் விரிவான கட்டுரை 1985-இல் வெளிவந்தது. ஆங்கிலமும் ஜெர்மனும் ஒருபால். நெறியை வினையிலேயே வைக்கும் ஸ்பானியமும் பிரெஞ்சும் மற்றொருபால். மேலே கண்ட எடுத்துக்காட்டுகளில் நம் தமிழ் பின்னவற்றோடு ஒத்துச் செல்லுகின்றது. டான் ஸ்லோபின் என்பாரும் அவர்தம் துணைவரும், தவளையைத் தேடித் திரியும் சிறுவனைப் பற்றிய சொல்லில்லாப் படக்கதை ஒன்றைப் பலமொழியினர்க்குங் காட்டிக் கதை சொல்லச் செய்தனர். ஆங்கிலர் ஸ்பானியரினும் மிகுதியாகப் பாங்குவினைகளை வழங்கினர். மொழிபெயர்ப்பார்க்கு இது பெரிதும் பயன்படும். ஆங்கிலக் கதையின் 'ட்ரட்ஜ்டு' என்பதை வெறும் 'சென்றான்' என்று பெயர்த்தால், களைப்பு வழியிலேயே உதிர்ந்துபோகின்றது.

இருமொழியும் ஒத்துச் செல்லுமிடமும் ஒன்றுண்டு. கேட்போன் இருக்குமிடத்திற்குச் செல்லுதலை நாம் 'நாளை நும் இல்லத்திற்கு வருவேன்' என்போம்; ஆங்கிலரும் 'கோ' என்னாது 'கம்' என்றே சொல்வர். வருதற்சொல் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரித்தென்று தொல்காப்பியனார் கிளவியாக்கத்துள் வரையறுத்தது ஆங்கிலத்திற்கும் இவ்விடத்துப் பொருந்தி நிற்றல் காண்க.

இவற்றையெல்லாம் நண்பரிடம் ஒருநாள் மாலை விளையாட்டிடத்தில் உட்கார்ந்து கூறினேன். பொறுமையாகக் கேட்டவர், 'அங்ஙனமாயின் க்ளைம் டவுன் என்கின்றார்களே, அது கீழே ஏறினான் என்றாகாதோ?' என்று மடக்கினார். நல்ல வினா. 'க்ளைம்' என்று தனியே சொன்னால் மேலேறுதலே தோன்றும். 'டவுன்' வந்தவுடன் அந்நெறி விலகிக் கையாலும் காலாலும் பற்றிப் பற்றிச் செல்லுதலாகிய பாங்கு மட்டும் எஞ்சுகின்றது என்றேன். அவர் சிறிது நேரம் எதிரிலிருந்த வேப்பமரத்தையே நோக்கியிருந்து, பின்னர்ப் பையிலிருந்து ஆங்கிலக் குறிப்பேட்டை எடுத்தார்.