சேலையூர் ஏரி தண்ணீர் எங்கே போகிறது? பூநாரை இறங்கும் பள்ளிக்கரணை சுருங்கிய கதை!

தாம்பரம்–வேளச்சேரி ரோட்டில் பஸ்சில் போகிறவர்கள் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை பார்த்து இருப்பீர்கள். கோரைப்புல், சேற்றுத் தண்ணீர், தூரத்தில் பெருங்குடி குப்பை மேடு. "இதுலே பார்க்க என்ன இருக்கு?" என்று முகத்தை திருப்பிக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

ஆனால் இந்த சேற்று நிலத்துக்கு உலக அளவில் பெயர் இருக்கிறது!

ஈரான் நாட்டில் ராம்சர் என்று ஒரு ஊர். ஈர நிலங்களை காப்பாற்றுவதற்கான ஒப்பந்தம் 1971–ம் ஆண்டு அங்கேதான் ஏற்பட்டது. அந்த பட்டியலில் 2022–ம் ஆண்டு பள்ளிக்கரணையும் சேர்க்கப்பட்டது. பரப்பு 1,247 ஹெக்டேர். அதாவது சுமார் 3 ஆயிரம் ஏக்கர்.

தாம்பரத்து மழை

தாம்பரத்துக்கும் பள்ளிக்கரணைக்கும் என்ன சம்பந்தம்?

முடிச்சூர் பக்கம் பெய்கிற மழை அடையாற்றுக்கு போகிறது. கிழக்கு பக்கம் கதையே வேறு. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் ஏரிகள் நிரம்பினால் தண்ணீர் செம்பாக்கம் ஏரிக்கு வரும். அங்கே இருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக இறங்கி கடைசியில் பள்ளிக்கரணையில் சேரும். பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாக கோவளம் பக்கம் கடலுக்கு போகும்.

சுமார் 250 சதுர கிலோ மீட்டர் பரப்பில் பெய்கிற மழைக்கு இதுதான் வடிகால். இப்படி தண்ணீர் தேங்கும் நிலத்துக்கு பழைய பெயர் "கழுவெளி".

முக்கால் பங்கு போச்சு!

1960–களில் இந்த சதுப்பு 5 ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்ததாக மதிப்பிட்டு இருக்கிறார்கள். ராம்சர் எல்லை முழுவதையும் கணக்கில் எடுத்தால்கூட இன்று மிச்சம் கால் பங்குதான்.

மற்றது என்ன ஆச்சு? குப்பை கொட்டினார்கள். குறுக்கே ரோடு போட்டார்கள். பறக்கும் ரெயில் வந்தது. அரசு நிறுவனங்கள், அடுக்குமாடி வீடுகள், கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. "சும்மா கிடக்கிற நிலம்தானே?" என்ற நினைப்புதான் காரணம்.

தண்ணீர் மாறினால்...

சதுப்பு நிலம் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. மழைக்காலத்தில் நிரம்பும். கோடையில் வற்றும். அந்த ஏற்ற இறக்கத்தை நம்பித்தான் உயிர்கள் வாழ்கின்றன. உள்ளானுக்கு கணுக்கால் அளவு தண்ணீர் போதும். பூநாரை ஆழமில்லாத தண்ணீரில் அலகை கவிழ்த்து, சேற்றை அரித்து சாப்பிடும். நீலத் தாழைக்கோழிக்கும் இலைக்கோழிக்கும் செடி கொடி வேண்டும்.

இதில் சாக்கடை வந்து கலந்தால்? வருஷம் முழுவதும் தண்ணீர் வற்றாது. கழிவில் உள்ள சத்தை உறிஞ்சி ஆகாயத்தாமரை காடு மாதிரி படரும். இது தென் அமெரிக்காவில் இருந்து வந்த செடி. அது மூடிக்கொண்டால் அடியில் வெளிச்சம் இல்லை, பிராணவாயு குறைகிறது. நம்ம ஊர் மீன்கள் பல மூச்சு முட்டி செத்துப்போகும். ஆப்பிரிக்காவில் இருந்து வந்த ஜிலேபி கெண்டை போன்ற மீன்கள் தாக்குப்பிடிக்கும். மீன் மாறினால், அதைத் தின்ன வரும் பறவையும் மாறும்.

ஆந்தை குடியேறிய குவாரி

மாற்றம் எல்லாமே கெட்டது அல்ல. நன்மங்கலம் காப்புக்காட்டில் கல் உடைத்து கைவிட்ட குவாரி இருக்கிறது. அந்த பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை குடித்தனம் நடத்துகிறது!

1937–ம் ஆண்டு ஜார்ஜ் டவுனில் இருந்து தாம்பரத்துக்கு வந்த கிறிஸ்தவ கல்லூரியை பாருங்கள். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் அந்த வளாகத்தில் மரம் வளர்ப்பதில் முன்நின்றார். 300 ஏக்கருக்கு மேற்பட்ட அந்த இடத்தில் இன்றும் புள்ளிமான் திரிகிறது. மனிதன் கொஞ்சம் இடம் விட்டால் இயற்கை திரும்பி வருகிறது.

49 சென்டிமீட்டர்!

இடம் விடாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பரில் பார்த்தோம். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டித்தீர்த்தது. வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மிதந்தன.

கணக்கு சுலபம். ஒரு ஹெக்டேர் சதுப்பில் ஒரு மீட்டர் உயரத்துக்கு தண்ணீர் நின்றால் 1 கோடி லிட்டர். அந்த ஒரு ஹெக்டேரை மண் கொட்டி மூடினால், அந்த 1 கோடி லிட்டரும் வீட்டுக்குள்தான் வரும்!

என்ன செய்கிறார்கள்?

2007–ம் ஆண்டு 317 ஹெக்டேர் சதுப்பு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. பெருங்குடியில் பழைய குப்பையை தோண்டி, பிரித்து அகற்றும் வேலையும் நடந்து வருகிறது. செம்பாக்கம் ஏரியை தூர் வாரி சீரமைத்தார்கள்.

ஆனால் மேலே உள்ள ஏரியில் சாக்கடை விழுகிற வரை கீழே உள்ள சதுப்பு சுத்தமாகாது. உங்கள் தெரு கால்வாயில் யாராவது கட்டிட இடிபாடு கொட்டினாலோ, கழிவுநீர் லாரி தண்ணீரை திறந்து விட்டாலோ சும்மா இருக்காதீர்கள். உடனே மாநகராட்சிக்கு சொல்லுங்கள். அடுத்த மழையில் அந்த தண்ணீர் உங்கள் வாசலுக்கே வரலாம்!