மூலிகைதானே என்று விழுங்கும் முன்

பட்டர்வொர்த் இரவுச் சந்தையில் வாங்கிய மூட்டுவலி மாத்திரைப் புட்டி ஒன்று எங்கள் பெரியம்மா வீட்டில் நான்கு மாதம் இருந்தது. மூன்றே நாளில் முட்டிவலி போய்விட்டது. மாடிப்படி ஏறினார், கோயிலுக்கு நடந்தே போனார், பக்கத்து வீட்டுக்கும் வாங்கிக் கொடுத்தார். பிறகு முகம் உப்பி வட்டமானது. இனிப்பு நீர் கட்டுக்கு அடங்கவில்லை. கிளினிக்கில் டாக்டர், "வேற என்ன மருந்து சாப்பிடுறீங்கம்மா?" என்று கேட்டார். "மருந்தெல்லாம் ஒண்ணுமில்லைங்க டாக்டர், மூலிகைதான்" என்றார் பெரியம்மா. புட்டியைக் கொண்டுபோய்க் காட்டினோம். அதில் பதிவு எண்ணே இல்லை.

முகம் உப்புவதும் சர்க்கரை ஏறுவதும் ஸ்டீராய்டு உடம்பில் சேர்வதன் அறிகுறிகளாக இருக்கலாம். அதனால்தான் மூன்று நாளில் கிடைத்த அந்தச் சுகத்தை நாம் அதிசயமாக அல்ல, எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

சாற்றில் என்ன இறங்குகிறது?

நிலவேம்பைத் தண்ணீரில் போட்டுச் சுண்டக் காய்ச்சும்போது நம் பாட்டிமார் செய்தது செடியின் சத்தைப் பிரித்தெடுப்பதுதான். ஆனால் அதன் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு தண்ணீரில் கொஞ்சமாகவும் ஆல்கஹாலில் அதிகமாகவும் கரையும். எதில் ஊற வைக்கிறோம், எவ்வளவு நேரம் காய்ச்சுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே செடியிலிருந்து வேறு வேறு சாறு கிடைக்கும். அதனால்தான் தோங்காட் அலி என்ற மூலிகை வேரின் நீர்ச்சாற்றில் யூரிகோமனோன் என்ற வேதிப்பொருள் 0.8 முதல் 1.5 விழுக்காடு இருக்க வேண்டும் என்று 2011-இல் மலேசியத் தரவிதி வகுத்தார்கள்.

மாத்திரையில் என்ன இருக்கிறது என்று அறிய, ஆய்வுக்கூடத்தில் அதைப் பொடித்து, கரைத்து, வடிகட்டி, நெருக்கமாகத் துகள் அடைத்த மெல்லிய குழாய் வழியே அழுத்தி அனுப்புகிறார்கள். ஒவ்வொரு வேதிப்பொருளும் தனக்குரிய நேரத்தில் வெளியே வரும். திரையில் ஒரு முகடாக எழும். அந்த முகட்டைத் தூய மாதிரியோடு ஒப்பிட்டு, மூலக்கூறின் எடையையும் அளந்தால் பொருள் இன்னதென்று உறுதியாகிவிடும். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை எந்தச் செடியும் விளைவிப்பதில்லை. அது தொழிற்சாலையில் செய்யப்படுவது. மூலிகை மாத்திரையில் அதன் முகடு தெரிந்தால், யாரோ கொண்டுவந்து கலந்திருக்கிறார்கள் என்று பொருள்.

எதில் என்ன கலக்கிறார்கள்?

மூட்டுவலி மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன், ஆண்மைக் காப்பிகளில் சில்டெனாஃபில், உடல் இளைக்கும் பானங்களில் சிபுட்ராமைன் ஆகிய ரசாயன மருந்துகள் மீண்டும் மீண்டும் பிடிபடுகின்றன. இதயநோய்க்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் சில்டெனாஃபில் கலந்த காப்பியைக் குடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்து உயிரே போகலாம். சிபுட்ராமைன் மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுவதால் 2010-இல் அமெரிக்க, ஐரோப்பியச் சந்தைகளிலிருந்து அகற்றப்பட்டது.

உலோகங்களும் உண்டு. மலேசியாவில் பாரம்பரிய மருந்தில் ஈயம் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 10 பங்கு), ஆர்செனிக் 5, பாதரசம் 0.5 என்ற அளவைத் தாண்டக் கூடாது. பினாங்கில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சந்தையில் வாங்கிச் சோதித்த தோங்காட் அலிப் பொருள்கள் சிலவற்றில் பாதரசம் இந்த வரம்பை மீறியிருந்தது.

வாங்கும் முன் உங்கள் உரிமை

1984-ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனக் கட்டுப்பாட்டு விதிகளின்படி பதிவு செய்யாத மருந்தை விற்பது குற்றம். முதல் முறை பிடிபடும் தனிநபருக்கு 25,000 ரிங்கிட் வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். பதிவு பெற்ற புட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் 8 இலக்க எண் இருக்கும். பாரம்பரிய மருந்தானால் எண்ணைத் தொடர்ந்து 'டி' என்ற எழுத்து வரும். பாதுகாப்பு ஒட்டுவில்லையும் இருக்க வேண்டும். எண்ணைப் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். இன்னொரு மருந்தின் எண்ணைத் திருடி அச்சடிப்பவர்களும் உண்டு. தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைத் தட்டி, பெயர் பொருந்துகிறதா, பதிவு ரத்தாகாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பதிவு என்பது நோய் தீரும் என்ற உத்தரவாதமும் அல்ல. இனிப்பு நீர், புற்றுநோய், சிறுநீரக நோய் உள்ளிட்ட 20 நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. அப்படி ஒருவர் ஒலிபெருக்கியில் கூவினால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

பாதிப்பு வந்துவிட்டால்

பல நாள் சாப்பிட்ட மாத்திரையைப் பயந்து சட்டென்று நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டு கலந்திருந்தால் திடீரென நிறுத்துவதே உயிருக்கு ஆபத்தாகலாம். புட்டியோடு அன்றே டாக்டரைப் பாருங்கள். அவர்தான் படிப்படியாகக் குறைப்பார். மூச்சுத் திணறல், மயக்கம் என்றால் 999-ஐ அழையுங்கள். நச்சு பற்றிய ஆலோசனைக்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தின் எண் 1-800-88-8099.

மீதி மாத்திரை, பெட்டி, ரசீது, விற்றவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எதையும் வீசிவிடாதீர்கள். அவற்றோடு மாநில மருந்தக அமலாக்கப் பிரிவில் புகார் கொடுங்கள். பக்கவிளைவை மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்துக்கு நோயாளியே நேரடியாகத் தெரிவிக்கலாம். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையும் நாடலாம்.

கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற 5 ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் பதியலாம். வழக்கறிஞர் தேவையில்லை, 3 ஆண்டுக்குள் பதிய வேண்டும், வரம்பு 50,000 ரிங்கிட். உடல் பாதிப்புக்கான இழப்பீட்டை மட்டும் நீதிமன்றத்தில்தான் கேட்க முடியும். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் குறையுள்ள பொருளைத் தயாரித்தவரை அதற்குப் பொறுப்பாக்குகிறது.

பெரியம்மா இன்றும் நிலவேம்பு காய்ச்சுகிறார். கொல்லையில் தானே வளர்த்த செடி அது. ஆனால் புட்டியில் எது வந்தாலும் முதலில் பேரனைக் கூப்பிட்டு, "இந்த நம்பரைக் கொஞ்சம் தட்டிப் பாரு அய்யா" என்கிறார்.